தாமசின் நான்ஸின் மீன்கிடங்குப் படம்

தாமசின் நான்ஸ் என்ற பெண்ணின் விரல் நுனிகள் எப்போதும் மஞ்சளாகத்தான் இருக்கும். திராவகம் தின்ற மஞ்சள் அது. சோப்புக்கும் போகாது, சாம்பலுக்கும் போகாது. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்துக்கு மற்றப் பெண்கள் இருக்கிற ஒரே ஜோடிக் கையுறையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். தாமசின் வெறுங்கையோடு வந்து, பாட்டுப் புத்தகத்தை நாலு பேர் பார்க்கும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடுவாள். குரல் சுமார்தான்.

“கையைக் கொஞ்சம் மறைச்சுக்கோயேன்டி, பார்க்கச் சகிக்கல,” என்று அவள் அம்மா முணுமுணுப்பாள்.

“வேலை செஞ்ச கைம்மா. திருடின கை இல்ல,” என்பாள் இவள், பாட்டின் நடுவிலேயே.

அப்படிப்பட்டவளைப் பற்றி இன்றைக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ட்ரூரோவிலும் ஃபால்மத்திலும் பெரிய வீட்டுக் கூடங்களில் அவளுடைய எண்ணெய்ச் சித்திரங்கள் தொங்குகின்றன. அவளுக்கு வித்தை கற்றுக்கொடுத்தது தாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ள லண்டனில் பத்துப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். அதில் ஒருத்தராவது எங்கள் போர்த்வென் மீன்கிடங்கின் நாற்றத்தை ஒரு மூச்சு இழுத்திருப்பாரா? மாட்டார். அதனால் நடந்தது நடந்தபடி சொல்லப்பட வேண்டும்.

அவள் அப்பா டிகரி நான்ஸ் செம்புச் சுரங்கத்தில் உலோகம் சோதிக்கிறவர். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கிற எங்கள் கார்ன்வாலின் செம்பு அந்தக் காலத்தில் உலகத்தையே ஆண்டது. கடற்படைக் கப்பலின் வயிற்றில் அறைந்ததும் எங்கள் செம்பு, லண்டன் கனவான் படம் அச்சடிக்கிற தகடும் எங்கள் செம்பு. சொல்லிக்கொள்ள வெட்கம் எதற்கு? சின்னப் பெண்ணாக இருந்தபோதே தாமசின் அப்பாவின் மேசைக்கடியில் உட்கார்ந்து, திராவகம் பட்ட உலோகம் புகைந்து நுரைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மற்றக் குழந்தைகளுக்குப் பொம்மை, அவளுக்குத் திராவகம். எந்தப் புகைக்கு மூக்கைத் திருப்ப வேண்டும், எந்த நிறத்துக்குக் கையை இழுக்க வேண்டும் என்பது அவளுக்கு எழுத்துப் படிக்கும் முன்பே தெரிந்திருந்தது.

பிறகு செம்பு விலை விழுந்தது. சுரங்கம் மூடியது. பாதி ஊர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியது. டிகரி நான்ஸ் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அம்மாவும் மகளும் அம்மா பிறந்த ஊரான போர்த்வென்னுக்கு வந்து, எல்லாப் பெண்களையும் போல மீன்கிடங்கில் வேலைக்கு நின்றார்கள். சாளை மீன் வந்து இறங்கும் பருவத்தில் அங்கே பெண்களுக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு, மறுபடி மீன் என்று, தலைகள் வெளியே தெரியும்படி சுவர் எழுப்புவது போல அடுக்கிக்கொண்டே போக வேண்டும். கல் கட்டும் கொத்தனாருக்குக்கூட அந்த நேர்த்தி வராது.

அந்த நாட்களில்தான் ஓவியர்கள் எங்கள் கரைக்குப் படையெடுத்தார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். வெளிச்சத்துக்கு வாடகை இல்லை என்பதால் நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களில் ஒருவர் ரூபர்ட் ஹாலிவெல். வலை காய வைக்கும் மாடி ஒன்றை எடுத்து, கூரையில் கண்ணாடி பதித்து, லண்டனிலிருந்து ஒரு அச்சு எந்திரத்தையும் கொண்டுவந்து இறக்கினார். எண்ணெய்ச் சித்திரம் ஒன்றுதான் இருக்கும், ஒருவர்தான் வாங்க முடியும். அதையே செப்புத் தகட்டில் ஏற்றிவிட்டால் நூறு வீட்டில் தொங்கும். அதுதான் கணக்கு. தகட்டின் மேல் மெழுகைப் பூசி, ஊசியால் மெழுகைக் கீறி வரைந்து, திராவகத்தில் போட வேண்டும். கீறிய இடத்தைத் திராவகம் அரிக்கும். அரித்த பள்ளத்தில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து உருளைக்கடியில் அழுத்தினால் படம்.

ஹாலிவெல்லுக்கு ஊசி பிடிக்கத் தெரியும். திராவகத்தைக் கண்டால்தான் நடுக்கம். மாடியைப் பெருக்க வந்த தாமசின் ஒருநாள் அவர் கையிலிருந்து குப்பியைப் பிடுங்கினாள்.

“இப்படித் தள்ளி நின்னு ஊத்தினா தகடு எப்படி அரிக்கும் ஐயா? பக்கத்துல வாங்க. அது கடிக்காது, நீங்க பயந்தாத்தான் கடிக்கும்.”

அன்றோடு விளக்குமாறு மூலைக்குப் போனது. அவர் ஒரு மத்தியானம் அவளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவருடைய சித்திரங்களைத் தகட்டில் ஏற்றும் வேலை முழுக்க அவளுடையது. வழக்கப்படி படத்தின் அடியில் இடப்பக்கம் ‘வரைந்தவர்’ என்று அவர் பெயர், வலப்பக்கம் ‘அரித்தவர்’ என்று பொடி எழுத்தில் இவள் பெயர். வருஷங்கள் அப்படியே ஓடின. கையில் ஊசி ஏறிப்போனதும் அவள் பழைய கப்பல் பாய்த்துணியில் எண்ணெய் வண்ணமும் தீட்டப் பழகினாள். கேட்டு வாங்கிப் பழகவில்லை, பார்த்துப் பழகினாள். உழைத்து மேலே வந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

ஒன்று மட்டும் ஹாலிவெல் கண்டிப்பு. தகட்டில் எப்படி வரைகிறோமோ, காகிதத்தில் அது இடம் வலமாகத் திரும்பி விழும். அதனால் பக்கத்தில் கண்ணாடியை நிறுத்தி, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்துத்தான் தகட்டில் வரைய வேண்டும். கண்ணாடி இல்லாமல் ஊசியைத் தொடக் கூடாது என்பது அவருக்குப் பத்துக் கட்டளைகளோடு சேர்த்துப் பதினோராவது.

அந்த வருஷம் சாளை மீன் மலை போல வந்தது. தாமசினும் கிடங்குக்கு உதவிக்குப் போனாள். போனவள் மடியில் ஒரு தகட்டை வைத்துக்கொண்டு போனாள். சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிய பெண்கள், விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும் செதில், திறந்த கதவு வழியே துறைமுகம். அவளுக்கு வெறி பிடித்துவிட்டது. உப்புப் பீப்பாய் மேல் ஏறி உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடி நேராகத் தகட்டிலேயே கீறித் தள்ளினாள். கண்ணாடி நினைவே இல்லை. திராவகத்தில் எப்போதும் விடுவதைவிட அதிக நேரம் விட்டாள். கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. சுரங்கத்துக்குள் எட்டிப் பார்த்தது போல.

அச்சடித்த முதல் தாளைக் கிடங்குக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். கிடங்கில் மூத்தவள் லவ்டே பெரியம்மா. போர்த்வென்னில் வயசானவர்கள் எல்லோருமே எல்லோருக்கும் பெரியம்மா, பெரியப்பாதான். அவள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“மூக்கு என் மூக்குதான். அதுல சந்தேகமில்ல. ஏன்டி, நான் எப்ப இடது கையால மீன் அடுக்கினேன்?”

“எல்லாரையும் இடதுகைக்காரி ஆக்கிட்டா!” என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள். “இனிமே சூப்பு குடிக்கிறதுக்கும் கையை மாத்தணும் போல.”

ஜெபக்கூடத்தில் பிரசங்கம் செய்யும் ஹன்னிபால் பெரியப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கதவுக்கு வெளியே துறைமுகத்தின் ஒரு கரையில் ஜெபக்கூடம், எதிர்க்கரையில் மதுக்கடை. படத்தில் இரண்டும் இடம் மாறிக் கிடந்தன.

“நாப்பது வருஷமா மதுக்கடைப் பக்கம் என் நிழல்கூட விழுந்ததில்ல. நீ என்னடான்னா ஜெபக்கூடத்தையே தூக்கி அங்க வச்சுட்ட!”

“அப்ப இனிமே பெரியப்பா தாராளமா அந்தப் பக்கம் போகலாம்,” என்றாள் லவ்டே பெரியம்மா. கிடங்கே அதிர்ந்தது.

தாமசினுக்குக் காது சிவந்தது. தப்புதான். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கப் பார்க்க, அந்தத் தப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் படத்தைப் போல இன்னொன்றைத் தான் இதுவரை போட்டதே இல்லை என்று தெரிந்தது. கண்ணாடியில் பார்த்துப் போட்ட படமெல்லாம் கண்ணாடி மாதிரிதான் இருந்தன, வழவழவென்று. இதில் மட்டும்தான் உப்பு இருந்தது. அழித்து மறுபடி போடு என்று அம்மாவே சொன்னாள். மாட்டேன் என்றுவிட்டாள்.

குளிர்காலத்தில் செப்டிமஸ் க்ரேல் என்ற படவியாபாரி லண்டனிலிருந்து ஹாலிவெல்லைப் பார்க்க வந்தார். படங்களை அச்சிட்டு ஊரெங்கும் விற்கிறவர். அவர் கண்ணில் சுவரோரம் காய்ந்துகொண்டிருந்த கிடங்குப் படம் பட்டது.

“ஹாலிவெல்! இதை ஏன்யா ஒளிச்சு வச்சிருக்கீங்க? உங்க வாழ்க்கையிலயே இதுதான் பெஸ்ட். என்ன பலம்! ஆம்பளைக் கைங்கிறது இதுதான்.”

ஹாலிவெல் கெட்டவர் அல்ல. சோம்பேறி, அவ்வளவுதான். புகழ் தானாக மடியில் விழும்போது எழுந்து நின்று உதறிவிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. “என் பட்டறையில பிறந்ததுதான்,” என்றார் மெதுவாக. “இவங்க தகடு வேலை பார்த்தாங்க.”

“பிரமாதம். வழக்கப்படியே போட்டுடலாம். இடப்பக்கம் உங்க பேரு, வலப்பக்கம் மிஸ் நான்ஸ் பேரு. வர்ற வசந்தத்துலயே வெளியிடுறேன்.”

மை துடைத்துக்கொண்டிருந்த தாமசின் துணியைக் கீழே வைத்தாள்.

“இடப்பக்கமும் என் பேருதான் ஐயா. வரைஞ்சதும் நான், அரிச்சதும் நான்.”

க்ரேல் புன்னகைத்தார். குழந்தை நிலா கேட்டால் பெரியவர்கள் புன்னகைப்பது போல.

“கோவிச்சுக்காதீங்க. தகட்டுல நீங்க உழைச்சது தெரியுது. ஆனா கற்பனை...”

“போன வருஷம் நானும் அந்தக் கிடங்கை ஸ்கெட்ச் போட்டேன் இல்லையா, தாமசின்?” என்றார் ஹாலிவெல், தரையைப் பார்த்து.

“போட்டீங்க. நாத்தம் தாங்காம பாதியில எழுந்து போனீங்க.” கிடங்குக் கதவைப் போலவே துறைமுகத்தைப் பார்த்திருந்த ஜன்னலை அவள் தள்ளித் திறந்தாள். குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. “க்ரேல் ஐயா, இங்க வாங்க. ஜெபக்கூடம் எந்தக் கரையில இருக்கு?”

“வலது கரையில.”

“படத்துல?”

அவர் பார்த்தார். மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

“இந்த மனுஷர் வாழ்க்கையில ஒரு தடவையாவது கண்ணாடி வைக்காம தகட்டைத் தொட்டிருக்காரா, கேளுங்க. இவரோட ஸ்கெட்சைப் பார்த்து நான் போட்டிருந்தா கண்ணாடி வச்சுத்தான் போட்டிருப்பேன், ஊரு நேரா நின்னிருக்கும். இது மீனுக்கு நடுவுல உக்காந்து நேரா கீறினது. என் தப்பு அது. தப்பும் என்னுதுதான், படமும் என்னுதுதான்.”

ஹாலிவெல்லின் முகம் நண்டு வெந்தது போல ஆனது. க்ரேல் நெடுநேரம் தாடியைத் தடவினார். முட்டாள் அல்ல அந்த மனிதர்.

“நம்புறேன், மிஸ் நான்ஸ். இது உங்க படம்தான். ஆனா நான் உண்மையை விக்கிறவன் இல்ல, படம் விக்கிறவன். மீன்காரிங்களைப் பத்தி மீன்காரி ஒருத்தி போட்ட படம்னா பிரபுக்கள் சாப்பாட்டு அறையில மாட்டுவாங்களா? ஒண்ணு செய்யுங்க. கண்ணாடி வச்சு சரியா இன்னொரு தகடு போட்டுக் குடுங்க. இடப்பக்கம் அவர் பேரு இருக்கட்டும். அடுத்தடுத்து உங்களுக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கேன்.”

“சரியா ஒண்ணு போடணும்னா, அவரு பேருல அவரே போட்டுக்கட்டும்.”

“யோசிச்சுப் பேசு தாமசின்,” என்றார் ஹாலிவெல். “எந்திரம் என்னுது. கோபத்துல போயிட்டா நீ எதுல அச்சடிப்ப?”

அவள் யோசிக்கவில்லை. தகட்டை இடுப்புத் துணியில் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். யோசித்து இறங்குகிறவர்கள் பாதிப் படியில் நின்றுவிடுவார்கள்.

மறுநாளிலிருந்து அவளுக்கு மாடியில் வேலை இல்லை. கிடங்கிலும் பருவம் முடிந்துவிட்டது. வலை தைக்கப் போனாள். அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியபோது, “பேரு என்னடி பேரு, சோத்துல போட்டுப் பிசைஞ்சு தின்னவா?” என்றாள். தாமசினின் பார்வை, மீன் இல்லாத மாதங்களில் ஊர்த்துணி துவைக்கும் லவ்டே பெரியம்மா வீட்டுப் பின்கட்டில் இருந்த துணி பிழியும் எந்திரத்தின் மேல் விழுந்திருந்தது. இரும்புச் சட்டம், இரண்டு உருளை, சுற்றக் கைப்பிடி. அச்சு எந்திரத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றை லண்டன்காரன் வைத்திருக்கிறான், மற்றதை வண்ணாத்தி வைத்திருக்கிறாள். அவ்வளவே.

“போர்வையைப் பிழியற மெஷின்ல பொம்பளைங்களைப் பிழியப் போறியா?” என்றாள் லவ்டே பெரியம்மா. “உருளை உடைஞ்சுது, உன் தோலை உரிச்சுடுவேன்.”

முதல் தாள் சோகை பிடித்தது போல வெளிறி வந்தது. இரண்டாவதும் அப்படியே. திருகாணியை இன்னும் இறுக்கினாள். தன் படுக்கைக் கம்பளியை மடித்து மேலே போட்டாள். கைப்பிடியில் கிடங்குப் பெண்கள் இருவரை நிறுத்தினாள். மீன் பீப்பாயை அழுத்திப் பழகிய புஜங்கள். இரும்பு முனகியது. தாளை உரித்து எடுத்தபோது சுரங்கக் கறுப்பு முழுசாக இறங்கியிருந்தது.

“என் மூக்கு இன்னும் பெருசாயிருக்கே,” என்றாள் பெரியம்மா. ஆனால் தாளை மட்டும் கீழே வைக்கவில்லை.

வசந்தம் தொடங்கும்போது எங்கள் கரையில் ‘படம் பார்க்கும் நாள்’ வரும். ஓவியர்கள் படங்களை லண்டனுக்கு அனுப்புவதற்கு முன் பட்டறைக் கதவுகளைத் திறந்து வைப்பார்கள். சுற்றுவட்டாரமெல்லாம், பிரபு வீட்டுச் சீமாட்டியிலிருந்து வலைக்காரன் வரை, பட்டறை பட்டறையாக ஏறி இறங்கும். அந்த வருஷம் தாமசின் மீன்கிடங்கின் கதவைத் திறந்து வைத்தாள். தூண்களில் கயிறு கட்டி, கிடங்குப் படத்தின் தாள்களைத் துணி காயப்போடுவது போல மாட்டினாள். பாய்த்துணி ஓவியங்களைப் பீப்பாய்கள் மேல் சாய்த்தாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் பென்சிலால் முழுப் பெயர்: தாமசின் நான்ஸ்.

சீமாட்டிகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் திரும்பவில்லை, நின்றார்கள். ட்ரூரோவிலிருந்து வந்த ஒரு அம்மாள் நெடுநேரம் பார்த்துவிட்டுத் தாமசினிடம் கேட்டாள்:

“இதை வாங்கிக்கணும். ஓவியர் எங்கேம்மா?”

“நான்தாங்க.”

“இல்லம்மா, இதை வரைஞ்சவர்?”

“அவதான் சொல்றாளே தாயி!” என்று லவ்டே பெரியம்மா உள்ளேயிருந்து கத்தினாள். “வரைஞ்சது அவ, படத்துல இருக்கிறது நான், பிழிஞ்சது என் மெஷின். ஆம்பளை யாரும் அகப்படல, தேடாதீங்க!”

அந்த அம்மாள் சிரித்துவிட்டு ஒரு தாளை வாங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் ஹாலிவெல் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாத் தாளையும் பார்த்தார்.

“நல்லா அச்சாகியிருக்கு,” என்றார். “ஆனா தாமசின், இது நம்ம ஊரு. இங்க யாரும் உன்னைத் தடுக்க மாட்டாங்க. லண்டன் பெரிய கண்காட்சியில இந்தப் பேரை முழுசா எழுதி அனுப்பிப் பாரு, பெட்டியைப் பிரிக்கக்கூட மாட்டாங்க.”

“பிரிக்கிற வரைக்கும் அனுப்பறேன்.”

அனுப்பினாள். சட்டம் போட்டு அனுப்பிய கிடங்குப் படம் திரும்பி வந்தது. வேண்டாம் என்று தள்ளிய படங்களின் பின்னால் சாக்கட்டியால் பெருக்கல் குறி போடுவது கண்காட்சிக்காரர்கள் வழக்கம். அந்தக் குறியைத் துடைத்துவிட்டுத்தான் எல்லா ஓவியர்களும் மறுபடி அனுப்புவார்கள், வெளியே தெரிந்தால் மானக்கேடு என்று. தாமசின் துடைக்கவில்லை. அடுத்த வருஷம் அதே படத்தை, அதே சட்டத்தில், அந்தக் குறியோடேயே அனுப்பினாள். பக்கத்தில் இன்னொரு குறியோடு வந்தது. பெயரைச் சுருக்கி முதலெழுத்து மட்டும் போடு, ஆண் என்று நினைத்து எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தவர்கள் யோசனை சொன்னார்கள். “என் அப்பா வச்ச பேரைச் சுருக்க இவங்க யாரு?” என்றாள். மூன்றாவது வருஷமும் அதே சட்டம் ரயில் ஏறியது. தேர்வுக் குழுவுக்கே அலுத்துப்போனதோ, உறைத்ததோ தெரியாது. அந்தத் தடவை படம் திரும்பி வரவில்லை.

தாமசின் இருந்ததில் நல்ல உடையைப் போட்டுக்கொண்டு, வழிக்கு இறைச்சியும் கிழங்கும் பொதிந்து சுட்ட நாலு பேஸ்ட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு லண்டனுக்கு ரயில் ஏறினாள். கையுறை போடவில்லை. கண்காட்சி மண்டபத்தில் சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை படங்கள். கண் மட்டத்துச் சுவர் பெரிய மனிதர்களுக்கு. அவள் படத்தைத் தேடித் தேடி, கடைசியில் மூலையில், அடிவரிசையிலும் அடிவரிசையாக, தரைப் பலகையை ஒட்டிக் கண்டுபிடித்தாள். பெருக்குகிறவனின் துடைப்பம் சட்டத்தில் இடித்த தடம்கூட இருந்தது.

இதற்காகவா இத்தனை வருஷம் என்று அம்மாவின் குரல் காதுக்குள் கேட்டது.

அப்போது பட்டுத் தொப்பி வைத்த ஒரு கனவான் அந்தப் பக்கமாக வந்தார். கடந்து போனவர் எதையோ பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றினார். முழங்காலில் கைகளை ஊன்றி, முதுகை வளைத்து, நன்றாகக் குனிந்து பார்த்தார். அடியில் இருந்த பெயரைப் படிக்க இன்னும் குனிய வேண்டியிருந்தது, குனிந்தார். அவர் போனதும் இன்னொருவர் வந்தார். அவர் கூட வந்த சீமாட்டி பாவாடையை ஒதுக்கிக்கொண்டு தரையிலேயே மண்டியிட்டாள். பிறகு செப்டிமஸ் க்ரேல். தொப்பையை மடக்கிக் குனிய அந்த மனிதர் பட்ட பாடு! மூச்சு வாங்க, எழுத்தெழுத்தாகப் படித்தார். நிமிர்ந்தபோது பக்கத்தில் தாமசின் நிற்பதைக் கண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு தடவை தலை குனிந்துவிட்டுப் போனார்.

ஹாலிவெல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

“அநியாயம் தாமசின். காலடியில கொண்டு வந்து மாட்டியிருக்கானுங்க. மாட்டினவங்க எனக்குத் தெரிஞ்சவங்கதான். ஒரு வார்த்தை சொல்றேன், கண் மட்டத்துக்கு ஏத்திடுவாங்க.”

அவள் மஞ்சள் விரல்களைக் கோத்து முன்னால் வைத்துக்கொண்டு, அடுத்து யார் வருகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம் ஐயா,” என்றாள். “குனியட்டும்.”